அந்தக் கீழ்ப்பகுதியை வெட்டியிருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஐரோப்பாவின் பரோக் காலக் (17, 18ஆம் நூற்றாண்டு) கலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உலோகத் தகட்டில் படத்தைச் செதுக்கி மை பூசி அச்சிடும் செதுக்கு அச்சோவியங்களுக்கும் அதில் இடம் கொடுத்திருந்தது மிகுந்த மகிழ்ச்சி. ஒரே ஒரு குறை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து அச்சோவியம் ஒன்றை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள்: மேகக்கூட்டம், தேவதைகள், நடுவே ஒரு புனிதர். அதன் கீழே இருந்த லத்தீன் எழுத்துகளை வெட்டிவிட்டீர்கள். அந்தத் தாளை அச்சிட்டதே அந்த எழுத்துகளுக்காகத்தான்.

அது ஒரு தீசிஸ் தாள், அதாவது மாணவர் வாதிடப் போகும் கூற்றுகளை அறிவிக்கும் தாள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிராக், சால்ஸ்பர்க் போன்ற ஊர்களின் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் சபை நடுவே நின்று வாதம் செய்வார்கள். தர்க்கம், இயற்பியல், மெய்யியல் என்று தான் நிலைநாட்டப் போகும் கூற்றுகளை மாணவர் முன்கூட்டியே அச்சிட்டு வெளியிட வேண்டும். வசதி உள்ளவர்களும் புரவலர் கிடைத்தவர்களும் அதைப் பெரிய படத்தோடு அச்சிட்டார்கள். நம் கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் முன்னால் நிற்பதுபோல, இதில் புரவலரின் புகழும் குலச்சின்னமும் மேலே நிற்கும். மாணவர் பெயர், தலைமை தாங்கும் பேராசிரியர், இடம், கூற்றுகள் எல்லாம் கீழே. விருந்தினருக்குக் காகிதப் பிரதி. புரவலருக்குச் சில சமயம் பட்டுத்துணியிலேயே அச்சிட்டுக் கொடுப்பார்கள்.

ஆக்ஸ்பர்க்கில் இது பெரிய வியாபாரம். எலியாஸ் கிறிஸ்டோஃப் ஹைஸ் (1660–1731) இந்தத் தாள்களாலேயே செல்வந்தரானவர். அவருடைய முறை மெஸ்ஸோடின்ட். செப்புத் தகடு முழுவதையும் பல்லுள்ள கருவியால் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்படியே மை பூசி அச்சிட்டால் கன்னங்கரேலென்று விழும். அப்புறம் வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கையகலத் தகட்டைத் தயார் செய்வதற்குள்ளேயே என் மாணவர்களுக்குத் தோள்பட்டை விட்டுப்போகிறது. ஹைஸ் செய்தவையோ ஆள் மார்பளவு உயரமுள்ள தாள்கள்!

இவ்வளவு பாடுபட்ட தகட்டை ஒரே மாணவரோடு விட்டுவிட முடியுமா? படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே எழுத்துகளை மட்டும் மாற்றி அடுத்தவருக்கு அச்சிட்டார்கள். ஒரே புனிதர் வேறு வேறு ஊர் மாணவர்களுக்குத் துணை நின்றிருக்கிறார். ஆகவே படத்தை மட்டும் பார்த்தால் யார், எங்கே, எதைப் பற்றி வாதிட்டார் என்று ஒன்றும் தெரியாது. பிற்காலச் சேகரிப்பாளர்கள் பலர் படத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டதால் எத்தனையோ மாணவர்களின் தடயம் அழிந்துபோனது. நீங்களும் அதையே செய்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

கட்டுரையில் ஒரு மாணவரையாவது சொல்லியிருக்கலாம். பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் படித்த ரொபேர் நாந்தேய், 1645இல் தன் தீசிஸ் தாளைத் தானே செதுக்கினார். பின்னாளில் பதினான்காம் லூயி மன்னரின் முகத்தை உயிரோடு பார்ப்பதுபோலத் தகட்டில் கொண்டுவந்தவர் அவர்தான். 1660இல் அதே மன்னர், செதுக்குக் கலை கைவினைஞர் குழுமங்களின் (கில்டு) கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட கைத்தொழில் அல்ல, சுதந்திரமான கலை என்று ஆணையிட்டார். அச்சோவியம் கற்றுத்தரும் எனக்கு அந்த ஆணை பெரிய விஷயம். ஓவியம், சிற்பத்துக்கு அடுத்த வரிசையில்தான் இன்றும் எங்களை உட்கார வைக்கிறார்கள்.

கிழக்கே கீவ் வரை இந்த வழக்கம் பரவியிருந்தது. 1739இல் பேராயர் ரஃபாயில் ஸபோரோவ்ஸ்கிக்கு அர்ப்பணித்து ஹிரிஹோரி லெவிட்ஸ்கி செதுக்கிய தாளை உக்ரைனியர்கள் இன்றும் தங்கள் கலையின் சிகரங்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள்.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் ஒரு தீசிஸ் தாளை மேலிருந்து கீழ்வரை முழுதாகப் போடுங்கள். லத்தீன் வரிகளுக்குத் தமிழில் நான்கு வரி விளக்கமும் சேருங்கள். இடம் போதாவிட்டால் நடுப்பக்கம் இரண்டையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
அச்சோவியம் கற்றுத்தரும் ஒரு வாசகர்,
கும்பகோணம்.