எங்களுக்கு பேட்ஜ் உண்டு, படுத்திருப்பவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் சி.டி. ஸ்கேன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வீணாகப் பயமுறுத்தாமல் எழுதியிருந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் அதில் டாக்டரும் மெஷினும் வந்த அளவுக்கு, கன்சோலில், அதாவது மெஷினை இயக்குகிற கம்ப்யூட்டர் மேஜையில், உட்கார்ந்து பட்டனை அழுத்துகிற ஆள் வரவே இல்லை. பதினேழு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ராதாபுரம் பக்கத்து ஆள். 2011, 2012-ல் கூடங்குளம் போராட்டம் நடந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் கதிர்வீச்சு என்ற சொல் அடிபடாத நாளே கிடையாது, எத்தனை மில்லிசீவர்ட் (உடம்பு வாங்குகிற கதிர்வீச்சை அளக்கிற அலகு) என்றெல்லாம் பெரியவர்கள்கூடக் கேட்டார்கள். அதே ஊர்க்காரர்கள் இன்றைக்கு ஸ்கேனுக்கு வந்து படுக்கும்போது, எவ்வளவு டோஸ் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதது அவர்கள் தவறு இல்லை. நாங்கள்தான் சொல்லிப் பழகவில்லை.

எங்களுக்கு வரம்பு இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்குப்படி, கதிர்வீச்சோடு வேலை செய்கிறவருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. அதை அளக்க நெஞ்சில் ஒரு பேட்ஜ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது சோதனைக்குப் போகும். (அந்த பேட்ஜைக் கழற்றி கேன்ட்ரி என்கிற ஸ்கேன் வளையம் இருக்கிற ரூமில் ஈய ஏப்ரன் மாட்டுகிற கொக்கியிலேயே மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ரிப்போர்ட்டில் கன்னாபின்னாவென்று எண் வரும், அப்புறம் விளக்கம் எழுதியே மாய வேண்டும்.) ஆனால் டேபிளில் படுத்திருப்பவருக்கு அப்படி ஒரு வரம்பு சட்டத்தில் இல்லை. இருக்கவும் முடியாது, உயிருக்குத் தேவை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். டாக்டர் தேவை பார்த்து எழுதுவது ஒரு காவல், கன்சோலில் இருக்கிறவன் பார்த்து எடுப்பது இன்னொரு காவல். அவருக்கு இருப்பது அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது காவல் தவறுகிற இடத்தை நானே பார்த்திருக்கிறேன், தவறவிட்டவனும் நான்தான். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒரு ராத்திரி, நான்குவழிச் சாலையில் பைக் விபத்து என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்குத் தலை எடுத்து முடிப்பதற்குள் மாடிப்படியில் விழுந்த நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள், அம்மா அழுகிறாள், பையன் அதற்கு மேல் அழுகிறான், நான் பெயரையும் வயதையும் மாற்றிவிட்டு முன்னவருக்குப் போட்ட பெரியவர் ப்ரோட்டோகாலிலேயே (மெஷினில் முன்கூட்டியே பதிந்துவைத்த செட்டிங்) எடுத்துவிட்டேன். பையன் தலையை ஆட்டிவிட்டான், படம் கலங்கிவிட்டது, திரும்பவும் எடுத்தேன். முடிந்தபிறகு, எவ்வளவு கதிர்வீச்சு போனது என்று மெஷின் காட்டுகிற டோஸ் பக்கத்தைப் பார்க்கிறேன், இரண்டு வரி, இரண்டிலும் 55 மில்லிகிரேக்கு (மெஷின் கொடுத்த கதிர்வீச்சை அளக்கிற அலகு) மேல். அந்த வயதுக்கு ஏறக்குறைய அதில் பாதி போதும், அதுவும் ஒரு தடவை. குழந்தைக்கென்று தனி ப்ரோட்டோகால் அந்த மெஷினிலேயே இருந்தது, தேர்ந்தெடுக்க இரண்டு கிளிக். மறுநாள் காலையில் பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன், "படம் நல்லா வந்திருக்குல்லா, விடு" என்றார். பையனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஒருவருக்கு என்று பார்த்தால் ஆபத்து மிகச் சிறியது. ஆனாலும் குழந்தை உடம்பு கதிர்வீச்சைத் தாங்குவது குறைவு, அவனுக்கு முன்னால் இன்னும் நீண்ட வாழ்நாள் கிடக்கிறது, அந்தக் கூடுதல் டோஸில் அவனுக்கு ஒரு நன்மையும் இல்லை. அன்றையிலிருந்து ஒரு பெயரை மாற்றினால் ப்ரோட்டோகாலை வாய்விட்டுப் படிக்காமல் நான் பட்டனைத் தொடுவதில்லை.

அமெரிக்காவிலும் இது நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பக்கவாதத்துக்கு எடுக்கிற மூளை ஸ்கேனில் செட்டிங்கை மாற்றியதில் தவறு நேர்ந்து, 18 மாத காலத்தில் இருநூறு பேருக்கு மேல் எட்டு மடங்கு வரை டோஸ் போய்விட்டது. 2009-ல், முடி கொட்டுகிறது என்று ஒரு நோயாளி சொன்னபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மெஷின் எதையும் மறைக்கவில்லை, எண் திரையில் நின்றுகொண்டுதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

சரி, கன்சோலில் இருக்கிறவன் என்னதான் செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறைய முடியும். எம்.ஏ.எஸ்.-ஐ, அதாவது எக்ஸ்ரே ட்யூபுக்குப் போகிற கரண்டும் நேரமும் சேர்ந்த அளவை, பாதியாக்கினால் டோஸ் பாதி. ஒல்லியான ஆளுக்கு ட்யூபின் மின்னழுத்தமான கே.வி.யை 120-லிருந்து 100-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். டேபிள் உயரத்தைச் சரிபார்த்து ஆளை நடுவில் கொண்டுவர வேண்டும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ட்யூப் பக்கமாகத் தப்பினாலே ஸ்கவுட்டில் (முதலில் எடுக்கிற முன்னோட்டப் படம்) ஆள் பருமனாகத் தெரிந்து மெஷின் தானாகக் கரண்டைக் கூட்டிவிடும். வயிற்றுக்கு எடுக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்காமல் பக்கத்திலேயே விட்டாலும் அதே கதைதான். தலைக்கு எடுக்கும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்தால் கண் தப்பிக்கும். அப்புறம் மூச்சு. மெஷினுக்குள் பதிந்துவைத்த குரல் இங்கிலீஷில் மூச்சை இழுக்கச் சொல்கிறது, களக்காட்டிலிருந்து வந்த பெரியவருக்கு அது என்ன புரியும்? நான் கேன்ட்ரி பக்கத்திலேயே நின்று, "நல்லா இழுங்க, பிடிங்க, நான் சொல்லுத வரைக்கும் விடாதீங்க" என்று இரண்டு தடவை பழக்கிவிட்டுத்தான் வெளியே வருவேன். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனையோ ரிப்பீட் மிச்சமாகியிருக்கிறது. ஆனால் வெளியே பத்து பேர் காத்திருக்கும்போது அந்த ஒரு நிமிடத்துக்காக மேலதிகாரிகளிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, இதைச் சென்டர் நடத்துகிறவர்களும் கொஞ்சம் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் மெஷின் தானாக ஒரு டோஸ் பக்கம் போடும். நான் வேலை பார்த்த இடங்களில் பெரும்பாலும் அதை ஃபிலிமில் ஏற்றுவதில்லை, இடம் வீண் என்பார்கள். அதில் டி.எல்.பி. என்று ஒரு எண் இருக்கும், ஸ்கேன் செய்த நீளம் முழுவதுக்கும் சேர்த்த டோஸ் அது. பெரியவருக்கு வயிறு எடுத்து அது 600 என்று வந்தால், 0.015-ஆல் பெருக்கினால் 9 மில்லிசீவர்ட். தலைக்குப் பெருக்குகிற எண் வேறு, தலை ஸ்கேனுக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட் வரும். இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 நமக்கெல்லாம் வந்துகொண்டுதான் இருக்கிறது, இதை ஒப்பிட்டுப் பார்த்தால் பயமும் அளவோடு இருக்கும், அலட்சியமும் போகும். தேவையான ஸ்கேனை யாரும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது, அது இதைவிடப் பெரிய ஆபத்து.

முக்கூடலிலிருந்து ஒரு ஆச்சி வந்தார்கள், பீடி சுற்றுகிறவர்கள், மஞ்சப்பையில் இரண்டு பழைய ஃபிலிம் கவர். "எய்யா, போன வாரந்தான ஒரு எடத்துல எடுத்தாவ, அதுக்கு முந்தி இன்னொரு எடத்துல. இன்னும் எதுக்கு?" என்று கேட்டார்கள். கவரைப் பிரித்துப் பார்த்தால் முதலில் கல்லுக்காக ஒன்று, பிறகு கான்ட்ராஸ்ட் (படத்தில் தெளிவாகத் தெரிய ஏற்றுகிற மருந்து) போட்டு மூன்று ஃபேஸ், அதாவது வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு ஃபேஸும் தனித்தனி டோஸ். எதிலும் எண் இல்லை. எழுதியனுப்பிய டாக்டருக்குப் போன் செய்தேன், முந்தைய ஸ்கேன் படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டு திறக்கவில்லை என்பதால்தான் திரும்ப எழுதினாராம். அந்தச் சென்டரிடம் கேட்டு வேறு தட்டு வாங்கிக் கொடுத்தோம், அதையே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். ஆச்சி அன்றைக்குப் படுக்காமலே ஊருக்குப் பஸ் ஏறினார்கள். மொத்தம் எவ்வளவு வாங்கியிருந்தார்கள் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அந்த எண் ஒரு வரியாக வர வேண்டும். வாசகர்களும் ஃபிலிமோடு டோஸ் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், பழைய கவர்களைத் தூக்கிப் போடாமல் அடுத்த தடவை கொண்டுவாருங்கள், குழந்தைக்கு எடுக்கிறார்கள் என்றால் "குழந்தை செட்டிங்தானா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் கேளுங்கள்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது டோஸ் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு படம் போட முடியுமா? பெயர் விவரங்களை மறைத்து மாதிரி ஒன்றை நானே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சி.டி. டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.