லூத்தரும் அல்ல, போனிபாஸும் அல்ல

ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் மரத்தைத் தொடங்கிவைத்தவர் 16ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் என்று டிசம்பர் வந்தாலே யாராவது எழுதிவிடுகிறார்கள். விண்மீன்களைக் கண்டு வியந்து மரத்தில் மெழுகுவத்தி ஏற்றினார் என்ற கதைக்கு அவர் காலத்துச் சான்று கிடையாது. புனித போனிபாஸ்தான் தொடங்கினார் என்போரும் உண்டு. 8ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய அவர் வெட்டியது ஓக் மரம்தான். அந்த மரத்தைக் கொண்டு சிற்றாலயம் கட்டினார் என்கிறது அவருடைய பழைய வரலாறு. அங்கே ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்று முளைத்தது என்பது பிற்பாடு ஒட்டவைத்தது.

எழுத்தில் கிடைக்கும் பழைய தடயங்கள் பல, இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவை. 1605இல் ஸ்திராஸ்பூர்க் வீடுகளின் கூடத்தில் ஃபிர் மரம் நிறுத்தி, பல நிறக் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், தங்கத்தாள், சர்க்கரைப் பண்டம் கட்டியதாக ஒரு குறிப்பு உண்டு. மெழுகுவத்தி அதில் இல்லை!

ஆப்பிளும் அப்பமும் ஏன்? டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நினைவு நாள். அன்று நடந்த ஏதேன் தோட்ட நாடகத்துக்கு விலக்கப்பட்ட மரம் வேண்டும். பனிக்காலத்தில் ஆப்பிள் மரம் மொட்டையாக நிற்கும். பசுமை மாறாத ஃபிர் மரத்தில் பழத்தைக் கட்டினார்கள். கூடவே தொங்கிய அப்பம், நற்கருணைச் சடங்கில் கிறிஸ்துவின் உடலாகத் தரும் அப்பத்தைப் போலப் புளிப்பில்லாத மாவில் சுட்ட மெல்லிய வில்லை. விழச்செய்த கனியும் மீட்கும் அப்பமும் ஒரே கிளையில்.

ஆப்பிள் கனத்தால் நுனிக்கிளை வளையும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா ஊரில் ஊதிய கண்ணாடி உருண்டைகள் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று கடையில் தொங்கும் சிவப்புப் பந்து அந்தக் கனிதான்.

– ஒரு வாசகர்