கோடை விடுமுறையில் அருங்காட்சியக நேரத்தை நீட்டிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அருங்காட்சியகங்கள் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: மே மாதத்தில் திறப்பு நேரத்தை நீட்டித்தல், பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் விவசாயக் கூலிகளும் கட்டட வேலை செய்பவர்களும். பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போக எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள் வாய்த்தால் பெரிது. அந்த ஒரு நாளும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும்.

போன கோடையில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். எது என்று இங்கே சொல்ல வேண்டாம். கதவு பூட்டியிருந்தது. அன்று வார விடுமுறை என்ற பலகை உள்ளே சுவரில் தொங்கியது. கம்பிக்கு வெளியிலிருந்து எழுத்துகூடத் தெரியவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கம்பிக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிக்கெட்டுக்கு என்று கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த சில்லறையை அவிழ்க்கவே இல்லை. வேப்பமர நிழலில் புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

இந்த வருடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் என்று முடிவு செய்திருக்கிறோம். ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். திருவாலங்காட்டு நடராசர் செப்புச் சிலையையும் அமராவதிப் பௌத்தச் சிற்பங்களையும் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குத் திமிங்கல எலும்புக்கூட்டின் மேல்தான் கண். ஆனால் நாங்கள் வந்து சேரவே உச்சிவேளை ஆகிவிடும், மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். 1851-இல் தொடங்கிய அவ்வளவு பெரிய இடத்தை நான்கைந்து மணி நேரத்தில் ஓடி ஓடித்தான் பார்க்க முடியும். வெள்ளிக்கிழமை விடுமுறை. சரி, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமாவது பார்க்கலாம் என்றால் அதற்கும் அதே வெள்ளிதான். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலும் எழும்பூரில் கதவு மூடியிருக்கும். மே மாதத்தை விட்டால், குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பதோ அந்த நாட்களில்தான்.

ஆகவே, எழும்பூர் அருங்காட்சியகத்தை மே மாதம் முழுவதும் இரவு 7 மணி வரையும், அந்த மாத வெள்ளிக்கிழமைகளிலும் திறந்து வைக்க உத்தரவிட வேண்டுகிறோம். பணியாளர்களுக்கு ஜூனில் மாற்று விடுப்பு கொடுக்கலாம்; அவர்கள் ஓய்வைப் பறித்து எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டாம்.

அப்புறம் கட்டணம். மாமல்லபுரத்தில் தொல்லியல் சின்னங்களைப் பார்க்கப் பெரியவர்களுக்கு 40 ரூபாய் வாங்கினாலும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அதே சலுகையைக் கோடை விடுமுறையிலாவது துறையின் எல்லா அருங்காட்சியகங்களிலும் தர வேண்டுகிறோம். மூன்று பிள்ளைகளோடு வரும் ஒரு தாய்க்கு அது திரும்பிப் போகும் பஸ் காசு.

விடுமுறை நாள், நேரம், கட்டணம் மூன்றையும் வெளிக் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும், நேரம் மாறினால் ஏப்ரல் மாதத்திலேயே பள்ளிகளுக்குத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். பள்ளி மூடுவதற்குள் தெரிந்தால்தான் நாங்கள் கூலியில் ஒரு நாளை ஒதுக்க முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)