முதலில் அந்த ரீசெட் பட்டனை எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக மாணவர் இணையதளங்களைப் புதுப்பிக்கப் போவதாக நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். அம்பாசமுத்திரத்தில் பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடையும் பிரௌசிங் சென்டரும் வைத்திருக்கிறேன். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கினால் கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பல்கலைக்கழகங்களில், நேரிலும் அஞ்சல் வழியிலும் படிக்கிறார்கள். தளங்கள் எல்லாம் ஒரே அச்சுதான் என்பதால் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை.

போன செமஸ்டரில் முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர். செல்போனில் இரண்டு நாள் போராடிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். ஏழு பேப்பர், அதில் இரண்டு அரியர். ஒவ்வொரு பேப்பரின் கோட் நம்பரையும் நோட்டோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்தாள். கடைசியில் சப்மிட், ரீசெட் என்று இரண்டு பட்டன். ஒரே நிறம், ஒரே அளவு, ஒட்டி ஒட்டி. கை ரீசெட்டில் பட்டுவிட்டது. அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனையும் துடைத்துப் போட்டது. “அண்ணாச்சி, எல்லாம் போயிட்டு” என்றாள். அழாத குறைதான்.

சரி என்று மறுபடி ஆரம்பித்தோம். போட்டோவை ஏற்றினால் ‘இன்வேலிட்’ என்றது. ஏன் என்று சொல்லவில்லை. 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கத்தில் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? பணம் கட்டியதும் வெள்ளைத் திரை. பணம் போன மெசேஜ் வந்துவிட்டது, ரசீது வரவில்லை. இன்னொரு தடவை கட்டுவதா, காத்திருப்பதா? அதற்கும் தளத்தில் பதில் கிடையாது.

படிவத்தில் ரீசெட் பட்டன் வேண்டாம் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். அதே வருடம் அவர் சொன்ன இன்னொன்று: ஐந்து பேரை உட்காரவைத்துப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே சுமார் 85 சதவீதக் கோளாறுகள் தெரிந்துவிடும். ஐந்தே பேர். ஆனால் இங்கே புதுப்பிப்பது என்றால் முகப்பில் ஓடுகிற படங்களும் புது வண்ணமும்தான். உள்ளே போனால் அதே பழைய படிவம்.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890-லிருந்து இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைகள் இன்று கல்லூரி வரை வருகிறார்கள். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையில் உள்ளதை அவர்களுக்குப் படித்துச் சொல்கிறது. லாகினில் மனிதர்தானா என்று சோதிக்க வருகிற கோணல் எழுத்துப் படத்தை மட்டும் அதனால் படிக்க முடியாது. ஆகவே லாகின் செய்யவே அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல், இன்னும் இந்த நிலைதான்.

ஒரு விண்ணப்பத்துக்கு நான் 50 ரூபாய் வாங்குகிறேன், மறைப்பதற்கில்லை. தளம் சரியானால் அந்த வரும்படி போகும். போகட்டும், ஜெராக்ஸ் இருக்கிறது.

தளத்தைச் செய்பவர்கள் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் என் கடையில் இரண்டு மணி நேரம் வந்து உட்காரட்டும். யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளைகளின் கை எங்கே நிற்கிறது, எதை அழுத்திவிட்டு முழிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அப்புறம் வரையட்டும். அதற்கு ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும், அந்த ரீசெட் பட்டனை மட்டும் வருகிற நவம்பர் தேர்வுக்கு முன்னால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

– பிரௌசிங் சென்டர் நடத்தும் வாசகர்,
அம்பாசமுத்திரம்.