ஆத்தங்குடிக் கல்லும் ஓர் ஆத்தாடியும்

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் நாலைந்து ஆத்தங்குடித் தரைக்கல் பெயர்ந்து கிடந்ததே, அதை இந்த வருஷமாவது மாற்றிவிடலாம் என்று கொத்தனாரைப் பிடித்து, அவர் வர ஒரு வாரமாகி, பழைய கல்லுக்கு ஒத்த நிறம் தேடி நான் அதைச் செய்கிற ஆத்தங்குடிக்கு இரண்டு நடை நடந்ததில் எழுத முடியாமல் போனது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சரி, அதை விடு. உன் பேத்தி கேட்ட கேள்விதான் இத்தனை நாளும் மனசில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்து ‘ஒண்டர்’ (wonder) என்றால் தமிழில் என்ன என்று அவள் கேட்டதற்கு நீ ஆச்சரியம் என்றாயாம், அப்போ அதிசயம் வேறயா என்று திருப்பிக் கேட்டாளாம். எத்தனை நல்ல கேள்வி! வாயில் தினமும் புழங்குகிற சொல், நாம் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

அதன்பிறகு யார் பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ரொம்ப நாள் கழித்து வந்த சம்பந்தியைப் பார்த்து “என்ன அதிசயம், காத்து இந்தப் பக்கம் அடிக்குது” என்று என் வாயே சொன்னது. உலக அதிசயம் என்கிறோம், உலக ஆச்சரியம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் எனக்குப் படுவது, அதிசயம் வெளியே இருக்கிற பொருளில் இருக்கிறது, அதைப் பார்த்ததும் நமக்குள் நடப்பது ஆச்சரியம். இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவை. நம்முடைய சொல் வியப்பு. ஆனால் எங்கள் ஆத்தா ஒருநாளாவது “எனக்கு வியப்பா இருக்கு” என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அது ஏட்டிலேயே தங்கிவிட்டது. வாய்க்கு ‘அசந்து போயிட்டேன்’ இருக்கிறது, ‘அடேயப்பா’ இருக்கிறது, எங்கள் ஆயாவுக்கு, அதான் பாட்டிக்கு, ‘ஆத்தாடி’ இருந்தது. மூக்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஆயா ஆத்தாடி என்று இழுத்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படாது.

நானும் அதையே சொன்னேன், ஆத்தங்குடியில். இத்தனை வருஷம் அந்தக் கல்லை மிதித்து நடந்திருக்கிறேன், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறேன், செய்வதை உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. ஒரு சதுரக் கண்ணாடியைக் கீழே வைக்கிறார்கள், அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவத்தில் ஓர் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சாயம் கலந்த சிமென்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றிவிட்டு, அச்சைக் கை நடுங்காமல் மேலே தூக்குகிறார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை! மேலே மணலும் சிமென்ட்டும் சேர்ந்த உலர்ந்த தூள், அதற்கு மேல் ஈரக் கலவை, அழுத்தி மட்டம் பண்ணிக் காயவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடியை எடுத்தால், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு முழுவதையும் கல் வாங்கி வைத்திருக்கிறது. மெருகு போட யாரும் தேய்க்கவே இல்லை. ஆத்தாடி என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், வேலை செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பச்சியின் அலமாரியில் இருந்த தொல்காப்பியத்தை எடுத்தேன். வியப்புக்கு அதில் பெயர் மருட்கை, மனசின் உணர்ச்சி உடம்பில் தெரிகிற எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. அது நாலு வழியில் வருமாம்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதுசாகப் பார்த்தால் வரும், பெரிசாகப் பார்த்தால் வரும், அதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். நம் ஊர் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணை அண்ணாந்து பார்ப்பது பெருமை வகை. ஆனால் சிறுமையும் ஒரு காரணம் என்று எழுதிவைத்திருக்கிறாரே, அங்கேதான் எனக்கு மனசு நின்றது. உன் ஆயா முடைந்து தந்த விரற்கடை அளவு ஓலைக் கூடை, அந்தக் கொட்டான், என்னிடம் இன்னும் இருக்கிறது, அதைப் பார்க்கிற போதெல்லாம் வருவது அதுதான். ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாக மாறுவது என்று உரைக்காரர்கள் சொல்கிறார்கள். மண்ணும் சிமென்ட்டும் பூவாகிற ஆத்தங்குடிக் கல் இதில் அடங்கிவிடுகிறது.

ஒன்று கவனித்தாயா, மனுஷர் விஷயத்தில் மட்டும் நம் ஆட்கள் வியப்பைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்பார்கள், அந்த ஊர்க் கணியன் புறநானூறு 192-இல் ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்றார். சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று அடுத்த அடி. வள்ளுவர் 439-இல் ‘வியவற்க எஞ்ஞான்றும் தன்னை’ என்றார், அங்கே வியப்பது என்றால் தன்னையே மெச்சிக்கொள்வது. கல்லையும் கொட்டானையும் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் அசந்து போகலாம், ஆளைப் பார்த்து வேண்டாம் என்கிறார்கள் போல. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம், பேத்தியிடம் இதையும் சொல். ஆங்கிலத்தில் ஒண்டருக்கு இன்னொரு வேலை உண்டு, பதில் தெரியாமல் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வது. அதற்குத் தமிழில் தனிச் சொல் தேட வேண்டியதில்லை, ஓர் ‘ஓ’ போதும். “மழை வருமா” என்றால் எதிரில் இருப்பவரைக் கேட்கிறோம். “மழை வருமோ” என்றால் வளவு முற்றத்தில் தனியாக நின்று வானத்தைப் பார்த்துக் கேட்கிறோம். ஒற்றை எழுத்தில் எவ்வளவு ஏக்கமும் யோசனையும்! அவளை நாலு வாக்கியம் சொல்லிப் பழகச் சொல்.

மாற்றிய கல் நாலும் புதுசு என்று இப்போது பளிச்சென்று தெரிகிறது, நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். நீ பார்க்க வேண்டும். போன வருஷம் நம் செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்புக்கு இழை மாவு எடுத்துக்கொள்ள நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருந்தது. இந்த வருஷமாவது பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவாயோ?

அன்புடன்,
உன் பள்ளத்தூர்த் தோழி