கண்ணா, இருட்டின பிறகு ஒருமுறை போய்ப் பார்

அன்புள்ள கண்ணா,

உங்கள் வாணவேடிக்கைக் கூடுகைக்காக நீ பார்த்து வைத்திருக்கும் ஏரிக்கரை, வயல், பழைய கல்குவாரி என்ற மூன்று இடங்களின் படங்களும் வந்தன. மூன்றும் அழகாகத்தான் இருக்கின்றன, அதுதான் எனக்குச் சங்கடம், ஏனென்றால் மூன்றையும் நல்ல வெயிலில் மத்தியான நேரத்தில் எடுத்திருக்கிறாய், நீங்கள் வாணம் விடப்போவதோ ராத்திரி 8 மணிக்கு மேல்.

சின்ன வயதில் நீ விடாமல் இழுத்துப் போர்த்திக்கொள்வாயே ஒரு நீலப் போர்வை, அதில் மூன்று ஓட்டை இருக்குமே, எலி கடித்தது என்று சொல்லி வைத்திருந்தேன். எலி இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால் உன் மாமாவும் அவன் கூட்டாளிகளும் இதே மாதிரி ஒரு கூடுகைக்கு இடம் தேடி அலைந்து, கடைசியில் ஒரு பெரிய நீர்ப்பரப்பின் கரையைப் பிடித்தார்கள். பகலில் போய்ப் பார்த்தபோது காற்று தண்ணீரிலிருந்து கரைக்கு வீசியது. சரி, காற்று வருகிற பக்கம் ஜனங்கள், காற்று போகிற பக்கம் வெடி என்று கணக்குப் போட்டு, எங்களையெல்லாம் தண்ணீர் ஓரமாக உட்கார வைத்து, வாணம் விடும் குழாய்களை நிலப்பக்கமாகத் தள்ளி நட்டார்கள். கணக்கு சரிதான், நேரம்தான் தப்பு. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், காற்று தண்ணீரிலிருந்து வரும். இருட்டினால் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், காற்று அப்படியே திரும்பிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் புகை முழுக்க எங்கள் மேல், அதோடு எரிந்துகொண்டே விழும் அட்டைத் துண்டுகளும். பின்னால் தண்ணீர், முன்னால் நெருப்பு, எழுந்து போக வழியில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்தப் போர்வையில்தான் ஓட்டை விழுந்தது. பாதியில் நிறுத்து என்று கத்தினேன், உன் மாமா காதில் வாங்கவில்லை. அதற்காக அவனோடு இரண்டு மாதம் பேசவில்லை என்பது வேறு கதை.

ஆகவே, அந்த ஏரிக்கரையை உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நிகழ்ச்சி நேரத்திலேயே இரண்டு மூன்று நாள் போய் நின்று பார். கையில் ஒரு நூல் போதும், காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். அந்தத் தண்ணீரை யாராவது குடிக்க எடுக்கிறார்களா என்றும் விசாரி. வாணங்களில் பெர்குளோரேட் என்ற உப்பு இருக்கும், எரியாமல் மிஞ்சியது தண்ணீரில் கரைந்துவிடும். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஏடா என்ற ஊரில், வாணவேடிக்கைக்குப் பிறகு ஏரித் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள் வரை ஆகியிருக்கிறது. குடிநீர் என்றால் அந்த இடத்தை அப்போதே விட்டுவிடு.

இப்போது அந்த வயல். நீளம் 150 மீட்டர், அகலம் 100 மீட்டர், தாராளமான இடம் என்று எழுதியிருக்கிறாய். கண்ணுக்குத் தாராளம்தான். ஆனால் லைசென்ஸ் உள்ள உன் நண்பர் 3 அங்குல ஷெல், அதாவது குழாயிலிருந்து மேலே போய் வெடிக்கும் குண்டு, கொண்டுவருகிறார் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது, அங்கேதான் எனக்கு இடித்தது. அமெரிக்காவில் பொது வாணவேடிக்கைக்கு என்எஃப்பிஏ 1123 என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. குழாயின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி சுற்றிலும் விட வேண்டும் என்பது அதன் கணக்கு. மேலே போய் வெடிக்காத ஷெல் அப்படியே கல் மாதிரி கீழே வரும், அது ஆள் தலையில் விழாமல் இருக்கத்தான் இவ்வளவு தூரம். 3 அங்குலத்துக்கு 210 அடி, அதாவது 64 மீட்டர். நடுவில் குழாயை வைத்தாலும் இந்தப் பக்கம் 64 அந்தப் பக்கம் 64, 128 மீட்டர் வேண்டும், உன் வயலின் அகலம் 100. பிறகு அந்த ஓரத்து மரங்கள் என்ன ஆகும்? 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் 43 மீட்டர், குறுக்கே 86, அடங்கிவிடுகிறது. ஒரே ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதே, வட்டத்தின் பரப்பைப் பார்த்தால் 2 அங்குலத்துக்கு ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, 3 அங்குலத்துக்கு மூன்று ஏக்கருக்கும் மேல். ஷெல்லைக் குறைத்துக்கொள், வயலை இழுத்துப் பெரிதாக்க முடியாது. இதுவும் காற்று இல்லாத கணக்கு. காற்று இருந்தால் அது போகிற பக்கம் இன்னும் விட வேண்டும்.

கடையில் எல்லோரும் வாங்கும் ரகங்களுக்கு இத்தனை தூரம் வேண்டியதில்லை. ஐரோப்பிய விதியில் 2ஆம் ரகத்துக்கு (சின்ன வெளியிடத்தில் விடுபவை) குறைந்தது 8 மீட்டர், 3ஆம் ரகத்துக்கு (பெரிய திறந்தவெளியில் விடுபவை) 15 மீட்டர். பெட்டியின் மேல் அதைவிட அதிகமாகப் போட்டிருந்தால் பெட்டி சொல்வதுதான் சட்டம். ஒரே திரியில் வரிசையாகப் பல வெடிகளை மேலே விடும் பல ஷாட் பெட்டிகளை மட்டும் சரிவில் வைக்காதே, முதல் இரண்டு ஷாட்டிலேயே சாய்ந்துவிட்டால் மீதி எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத்தான் வரும்.

வயலில் இன்னும் ஒன்று, கதிர் அறுத்த தாள் காய்ந்து கிடப்பது படத்திலேயே தெரிகிறது. நிலத்துக்காரரிடம் கேட்டு உழவு ஓட்டச் சொல், அல்லது வெடி விழுகிற பக்கத்தை நனைத்து வை. கேட்கிறபோது "பட்டாசு கொளுத்துவோம்" என்று மேலோட்டமாகச் சொல்லாதே. என்ன ரகம், எத்தனை, எத்தனை மணி வரை, மறுநாள் காலையில் யார் வந்து பொறுக்குவார்கள், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கு. தீயணைப்பு நிலையத்துக்கும் போலீசுக்கும் முன்கூட்டியே தகவல் போகட்டும், பக்கத்தில் விமானத் தளம் இருந்தால் அவர்களுக்கும். ஆடு மாடு, குதிரை வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் நீயே நேரில் போ, சீட்டு ஒட்டிவிட்டு வந்துவிடாதே.

மாலையில் பறவைகள் கூட்டமாக அடைகிற மரங்கள் அருகில் இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடு. 2010ஆம் ஆண்டின் கடைசி ராத்திரி, அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பீபி என்ற ஊரில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தன. வெடிச்சத்தத்தில் மிரண்டு இருட்டில் பறந்து வீடுகளிலும் மரங்களிலும் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். உன் வயலின் ஓரத்து மரங்களையும் இருட்டுகிற நேரத்தில் நின்று பார்த்துவிடு.

அந்தப் பழைய கல்குவாரி உங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. தீப்பிடிக்க ஒன்றுமில்லை என்பது நிஜம். ஆனால் பள்ளத்தில் புகை தங்கிவிடும், நாலாவது வாணத்துக்கு மேல் வெறும் வெளிச்சம்தான் தெரியும் (காற்றே இல்லாத ராத்திரி எந்த இடத்திலும் இதே கதைதான், லேசாகக் காற்று இருக்க வேண்டும்). 3 அங்குல ஷெல் ஏறக்குறைய 300 அடி உயரத்தில் வெடிக்கும். ஜனங்களைக் குவாரியின் விளிம்பில் நிற்க வைத்தால் குவாரி எத்தனை அடி ஆழமோ வெடிக்கிற உயரத்துக்கு அத்தனை அடி கிட்டே போகிறார்கள், அதை உங்களில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பாறைச் சுவரில் சத்தம் மோதித் திரும்பும். வெடிக்காதது ஏதாவது இடுக்கில் போய் விழுந்தால் எடுக்கவே முடியாது, அடுத்த வாரம் விளையாடப் போகிற பிள்ளைகள் கையில்தான் கிடைக்கும்.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். மறுநாள் காலையில் வரிசையாக நடந்து தேட முடிகிற இடம்தான் இடம். இடுப்பளவு புல் வேண்டாம். ராத்திரி நமுத்துப்போனதை யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, அரை மணி நேரமாவது விட்டு, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி, வாளியில் விடியும்வரை ஊறட்டும்.

மூன்றும் தேறவில்லை என்றால், பெரிய கண்காட்சி நடத்தும் திடல் ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமா என்று பார். 1969இல் தொடங்கிய பைரோடெக்னிக்ஸ் கில்ட் இன்டர்நேஷனல் என்ற வாணப் பிரியர்கள் சங்கமே, வருடாந்தரக் கூடுகைக்குப் பல தடவை அப்படிப்பட்ட திடல்களைத்தான் பிடித்திருக்கிறது. வண்டி நிறுத்த இடம், கெட்டியான ரோடு, ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்ப வழி எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும். வயலில் மழை பெய்தால் நாற்பது வண்டியும் சேற்றில்தான்.

என்னைக் கேட்டால் வயல், 2 அங்குலம், ஜனங்கள் காற்று வருகிற கோடியில். அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போய் நின்று, நூலையும் மரங்களையும் பார்த்துவிட்டு எழுது, போனில் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள். மாமாவிடம் இதையெல்லாம் நான் எழுதியதாகச் சொல்லாதே, எலிக் கதையை அவனும் இத்தனை வருஷமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
அம்மா