மந்திரவாதி ஏன் மழையை நிறுத்தவில்லை?

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இருந்ததால் உடனே உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சுவரெல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கே, ஏண்டி யாரும் எங்கிட்ட சொல்லல?" என்றாள். ஆக, இந்த மாதம் வெள்ளையடிப்புச் செலவும் சேர்ந்துகொண்டது. சொட்டு மருந்து விடுகிற நேரங்களுக்கு நடுவேதான் இதை எழுதுகிறேன், அங்கங்கே தாவினால் கண்டுகொள்ளாதே.

உன் பையன் வேலை மாறியது பற்றி எழுதியிருந்தாய். இரண்டு மாதம் போகட்டும், அப்புறம் கவலைப்படலாம். எனக்குக் கை துறுதுறுத்தது உன் வாசகர் வட்டத்தில் நடந்த சண்டையைப் படித்தபோதுதான். அந்தத் தம்பி சொன்னதை நீ அப்படியே எழுதியிருந்தாய்: "விஞ்ஞானக் கதை யோசிக்கவைக்கும், மாயாஜாலக் கதை தூங்கவைக்கும். மந்திரம் வந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் செய்யலாமே, அப்புறம் கதையில் சிக்கல் என்ன மிச்சம் இருக்கும்?" முதல் வரியை விட்டுவிடு, அது கைத்தட்டலுக்குச் சொன்னது. கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், மந்திரத்துக்கும் விதிகள் உண்டு, விலை உண்டு என்பது. எனக்கு அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. மந்திரத்துக்குப் பக்கம் பக்கமாக விதி எழுதிவைத்த தடித்தடிப் புத்தகங்கள் எத்தனையோ வந்துவிட்டன. பலவற்றில் விதிகள்தான் நினைவில் நிற்கின்றன, ஆட்கள் நிற்பதில்லை.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ'யில் ஆரம்பத்திலேயே ஓர் இடம் வரும். கெட் என்கிற ஆட்டிடையப் பையன் மந்திரம் கற்கும் ஆசையில் ஓகியான் என்ற பெரிய மந்திரவாதியோடு புறப்பட்டுப் போகிறான். ஓகியான் லேசுப்பட்ட ஆள் இல்லை, நில நடுக்கத்தையே அடக்கியவர் என்று பெயர். இருவரும் மலைக்காட்டில் நடக்கும்போது மழை பிடித்துக்கொள்கிறது. அந்தத் தீவுகளில் சாதாரண வானிலை மந்திரக்காரன்கூட மழை மேகத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுவான். ஓகியான் ஒன்றும் செய்வதில்லை. அடர்ந்த மரம் ஒன்றைப் பார்த்து அதன் கீழே படுத்துத் தூங்கிவிடுகிறார். பையன் சொட்டச் சொட்ட நனைந்தபடி புதரில் குந்திக்கொண்டு, பயன்படுத்தாத சக்தி இருந்து என்ன பிரயோஜனம் என்று கறுவுகிறான்.

உங்கள் தம்பி கேட்பதும் கெட் கேட்பதும் ஒரே கேள்விதான். நாவல் முழுக்க அதற்கான பதில். நீ தள்ளிவிடும் மழை வேறெங்கோ போய் விழும், அங்கே என்ன ஆகும்? பின்னால் அவன் மந்திரம் படிக்கப் போகும் ரோக் தீவுப் பள்ளியில் ஆசிரியர் இதையே பாடமாகவும் சொல்கிறார். ஆனால் எனக்கு அந்தப் பாடத்தைவிட, ஈரத்தில் உட்கார்ந்திருக்கும் பையனின் எரிச்சல்தான் மனதில் ஒட்டியது. எதையும் செய்யக்கூடிய உலகத்தில் ஒருத்தன் நனைகிறான் பார், அங்கேதான் எனக்கு அந்த உலகத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

(கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளில் பெரும்பாலானோர் கருநிறமோ மாநிறமோதான். பல வருடம் அட்டைப்படங்களில் அவனை வெள்ளைக்காரனாகவே போட்டார்கள். 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதும் அதே கதை. அந்த அம்மாள் சும்மா விடவில்லை, பகிரங்கமாகவே எழுதிச் சாடினார். இதையும் உங்கள் வட்டத்தில் சொல்.)

இப்போது தம்பியின் முதல் வரிக்கு வருவோம். அவனுக்கு மிகப் பிடித்த விஞ்ஞான நாவல் 'ட்யூன்' என்று எழுதியிருந்தாய். அதில் என்னடி விஞ்ஞானம் இருக்கிறது? தீர்க்கதரிசி வருகிறான், குரலாலேயே ஆளை அடக்கும் பெண் துறவிகள் வருகிறார்கள், எதிர்காலம் கனவில் தெரிகிறது. விண்கலத்தை எடுத்துவிட்டால் புராணம். அதற்காக நான் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஃப்ராங்க் ஹெர்பர்ட் அதைப் பிடித்த இடம் வேறு. ஐம்பதுகளின் கடைசியில் ஓரிகன் மாநிலத்தில் ஃப்ளோரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் மணல் மேடுகள் நகர்ந்து வந்து சாலைகளை மூடிக்கொண்டிருந்தன. புல் நட்டு மணலைப் பிடித்து நிறுத்த அரசாங்க வேளாண் துறை முயன்றது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போன பத்திரிகையாளர் அவர். கட்டுரை வெளிவரவே இல்லை, நாவல் வந்தது. அதுவும் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, கடைசியில் கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன ஒரு கம்பெனி 1965இல் போட்டது.

ஸ்டில்கர் மேசையில் துப்பும் இடம் ஞாபகம் இருக்கிறதா? 'ட்யூன்' நடக்கும் பாலைவனக் கிரகத்தில், புது ஆட்சியாளரான லீட்டோ பிரபுவின் சபைக்கு அந்தப் பாலைவனத் தலைவன் வருகிறான். பளபளவென்றிருக்கும் மேசைமேல் குனிந்து எச்சிலைத் துப்புகிறான். சபையே கொதித்து எழுகிறது. பாலைவனத்து ஆட்களோடு பழகிய லீட்டோவின் வீரன் டங்கன் ஐடஹோ மட்டும் சட்டென்று எல்லோரையும் தடுத்து, உன் உடம்பின் ஈரத்தை எங்களுக்குக் கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லித் தானும் துப்புகிறான். அங்கே தண்ணீர் அவ்வளவு அரிது, துப்புவது மரியாதை. பின்னால் லீட்டோவின் மகன் பால் என்பவன், தான் சண்டையில் கொன்ற ஜாமிஸின் இறுதிச் சடங்கில் அழும்போது, செத்தவனுக்கு ஈரம் தருகிறான் என்று கூட்டம் கிசுகிசுக்கும். யாரோ விரலால் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். எல்லோரும் பேசும் அந்த ராட்சத மணற்புழுவை விடு சாந்தி, இந்த இரண்டு இடங்களில்தான் அந்தப் பாலைவனம் என் தொண்டையில் இறங்கியது.

நான் இந்த வகைப் புத்தகத்தில் முதலில் பார்ப்பது இதைத்தான். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சமைக்கிறார்கள், ராத்திரி குளிருக்கு என்ன செய்கிறார்கள். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'ஸில் சாமின் உப்பு டப்பா இருக்கிறதே, அது எனக்கு அந்த மந்திர மோதிரத்தைவிட முக்கியம். உலகம் அழியப் போகிறது, சாமும் அவன் எஜமானன் ஃப்ரோடோவும் எதிரியின் கோட்டைக்கு நடந்து போகிறார்கள், சாமின் மூட்டையின் அடியில் ஒரு தட்டையான மரப்பெட்டியில் கொஞ்சம் உப்பு. தீர்ந்துகொண்டே வருகிறது. இத்திலியன் காட்டில், வழிகாட்டியாகக் கூட வரும் கொல்லம் என்ற விநோதப் பிறவி முயல் பிடித்து வருகிறான், சாம் கொஞ்சம் மூலிகை போட்டுக் குழம்பு வைக்கிறான். நல்ல இறைச்சியை நெருப்பில் கெடுக்கிறானே என்று கொல்லத்துக்கு ஆற்றாமை. அத்தோடு விடவில்லை ஆசிரியர். சாம் நெருப்பைச் சரியாக அணைக்காமல் விட, அந்தப் புகையைப் பார்த்துத்தான் ஃபாரமிர் என்ற படைத்தலைவனின் ஆட்கள் வந்து பிடிக்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாடு கதையையே திருப்பிவிடுகிறது. அதே மூன்று பாகங்களில் வரும் அரச வம்சாவளிகளை நான் தள்ளித் தள்ளித்தான் படித்தேன். உனக்குப் பிடிக்கும், உனக்கு எப்போதும் வரலாறுதான்.

சரி, உன் 'த்ரீ-பாடி ப்ராப்ளம்', அந்தச் சீன நாவல். இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்திருக்கிறாய். அந்தக் கொடிக் கம்ப்யூட்டர் இடத்தில் நானும் வாயடைத்துத்தான் போனேன். கதையில் வரும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள், சீனாவின் சின் ஷி ஹுவாங் பேரரசனின் மூன்று கோடி வீரர்கள் சமவெளியில் நிற்கிறார்கள், கையில் கறுப்பு, வெள்ளைக் கொடிகள். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு தர்க்க வாயில், அதாவது கம்ப்யூட்டர் கணக்கின் மிகச் சின்ன உறுப்பு. முன்னால் இருக்கும் இருவர் தூக்கும் கொடியைப் பார்த்து மூன்றாமவன் தன் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியவேண்டியது. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி கொண்டுபோகக் குதிரைப்படை. அந்த விளையாட்டு உலகத்தின் மூன்று சூரியன்களின் ஓட்டத்தைக் கணக்குப் போட ஒரு தேசமே கொடி ஆட்டுகிறது! நாவலை எழுதிய லியூ சிசின் ஷான்ஷி மாகாணத்து மின் நிலையம் ஒன்றில் பொறியாளராக இருந்தவர். எந்திரத்தைக் கழற்றிப் பார்த்த கைக்குத்தான் இப்படித் தோன்றும். 2015இல் விஞ்ஞானக் கதைகளுக்கான ஹியூகோ பரிசு கிடைத்தது, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்தப் பரிசு அதுதான் முதல் தடவை.

ஆனாலும் நான் அதை மறுபடி எடுக்கமாட்டேன். அதில் எனக்கு மனிதர்கள் முழுசாகத் தெரிந்தது ஒரே இடத்தில், கலாசாரப் புரட்சிக் காட்சியில். இயற்பியல் பேராசிரியரை மேடையில் நிறுத்தி, சின்னப் பெண்கள் பெல்ட்டால் அடித்தே கொல்கிறார்கள். அவருடைய மனைவியே மேடையேறி அவர்மேல் குற்றம் சாட்டுகிறாள். கூட்டத்தில் நின்று மகள் பார்க்கிறாள். சீனப் பதிப்பில் இந்தப் பகுதி கதையின் நடுவே ஒதுங்கியிருந்ததாம். ஆங்கிலத்தில்தான் ஆசிரியர் முதலில் நினைத்தபடி தொடக்கத்துக்கு வந்தது. அந்த மகள் பிறகு என்ன முடிவு எடுக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், அந்த முடிவு நம்பும்படியாக இருப்பதற்கு அந்த மேடைதான் காரணம். அவளை விட்டால் மற்றவர்கள் எல்லாம் யாராவது கேள்வி கேட்க, யாராவது விளக்கம் சொல்ல வந்தவர்கள். அந்தப் புகை பிடிக்கும் போலீஸ்காரர் ஒருவர் மட்டும் விதிவிலக்கு, அவருக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வாயும் நீளம்.

நீ பாதியில் மூடி வைத்த லெ குவினின் 'த லெஃப்ட் ஹாண்ட் ஆஃப் டார்க்னெஸ்'ஸை மறுபடி எடு. மந்தமாக இருக்கிறது என்றாய். முன்பாதி மந்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். அரண்மனைச் சூழ்ச்சி, பெயர்கள், ஊர்வலங்கள். பனிப்பாலைக்கு வந்தாயா, இல்லையா? அந்தக் கிரகத்து ஆட்கள் எப்போதும் ஆணோ பெண்ணோ கிடையாது, மாதத்தில் சில நாள் மட்டும் இரண்டில் ஒன்றாக ஆவார்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைத்தான் பேசுவார்கள். நான் சொல்வது கூடாரத்தை. பூமியிலிருந்து வந்த ஜென்லி ஐ என்ற தூதனும், நாடு கடத்தப்பட்ட அமைச்சர் எஸ்ட்ராவனும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் பனியைக் கடக்கிறார்கள். ராத்திரி கூடாரத்துக்குள் ஒரு சின்ன அடுப்பு. அவன் சூட்டைக் கூட்டுவான், இவர் குறைப்பார். ஒருவருக்கு இதமாக இருந்தால் மற்றவருக்குக் காய்ச்சல் வரும். நடுவே ஓர் அளவு வைக்கிறார்கள். ஒருவர் வியர்க்கிறார், ஒருவர் நடுங்குகிறார். நம் வீடுகளில் ஃபேன் வேகத்துக்கு நடக்கிற அதே சண்டை. இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வது என்கிற பெரிய விஷயத்தை அந்த அம்மாள் அடுப்புத் திருகில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதைத் தாண்டியும் உனக்குப் பிடிக்காவிட்டால் நான் வற்புறுத்தவில்லை.

இன்னொன்று எழுதியிருந்தாய், இந்தக் கதைகளில் எது எது பலித்தது என்று உங்கள் ஆட்கள் பட்டியல் போட்டார்கள் என்று. அது எனக்கு என்றைக்கும் அலுப்புத் தரும் விளையாட்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்தபோது ஹாஸ்டலில் நாம் அதைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொண்டோமே, கதை நடக்கிற வருடம் இப்போது நமக்குப் பின்னால் போய்விட்டது. கதையில் வரும் சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. இயந்திர நாய் ஜீனோவின் வாய்த்துடுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது, இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வருகிறது. ஆக்டேவியா பட்லர் 1993இல் எழுதிய 'பாரபிள் ஆஃப் த ஸோயர்' 2024 ஜூலையில் ஆரம்பிக்கிறது. அந்தத் தேதி வந்ததும் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அதில் நின்றது, தண்ணீர் பெட்ரோலைவிடப் பல மடங்கு விலை என்பதும், கோதுமை வாங்கக் காசில்லாமல் மதில் சுவருக்குள் அந்தக் குடும்பங்கள் ஓக் மரக் கொட்டையை இடித்து ரொட்டி சுடுவதும். பலித்தால் என்ன, பலிக்காவிட்டால் என்ன? அந்தக் கதையைச் சொல்லும் இளம்பெண் வீட்டை விட்டு ஓடுமுன் பையில் எதையெதை எடுத்து வைக்கிறாள் என்று பார், உனக்கே நம் வீட்டில் எதை எடுப்போம் என்று கை பரபரக்கும்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒரு புத்தகம் சொல்லச் சொன்னாய். ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்' எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் காலத்து நாவல், 1972இல் வந்தது, சின்னதுதான். வேற்றுக் கிரகத்தவர் வந்து போய்விட்டார்கள், யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பை கிடக்கும் இடத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, உயிரைப் பணயம் வைத்துப் பொறுக்கி விற்றுக் குடும்பம் நடத்துகிறவனின் கதை. அந்தப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்று யாருக்குமே கடைசிவரை தெரியாது. அது விஞ்ஞானமா மாயமா என்று தம்பியையே தீர்ப்புச் சொல்லச் சொல். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு அவசியம் எழுது.

என் பிரதியை அடுத்த வாரம் கூரியரில் போடுகிறேன். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பேன், அதைப் பார்த்துச் சிரிக்காதே. மாலதி வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? முகூர்த்தம் விடிகாலையில், முதல் நாளே இங்கே வந்துவிடு. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இப்போது கண்ணும் நன்றாகத் தெரிகிறது, நீ இளைத்தாயா பெருத்தாயா என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
கோமதி